ரெண்டு சொட்டு

2024 நவம்பர் 25, திங்கள்

எண்ணெய்: எலுமிச்சைப்புல், தரை துடைக்கும் வாளியில் ஐந்து சொட்டு. லாவெண்டர், தலையணைக்கு இரண்டு.
மனநிலை: நிதானம்.

வாசனை எண்ணெய் ஆன்லைன் வகுப்பு மேடம் இப்படித்தான் எழுதச் சொன்னார். தினமும் எந்த எண்ணெய், எத்தனை சொட்டு, மனம் எப்படி இருந்தது. வகுப்பு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. சான்றிதழ் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எழுதுவதை மட்டும் விட முடியவில்லை.

வீட்டுக்காரர் வசந்த் கம்பெனியிலிருந்து வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். "வூடா இது? சோப்பு கம்பெனிக்குள்ள வந்தா மாதிரி கீது."

"உங்க சாக்ஸ் நாத்தத்துக்கு இது தேவலாம்" என்றேன். சிரித்துவிட்டார்.

கொசுவுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, துணி அலமாரிக்கு ஒன்று என்று வீடு முழுக்க சின்னச் சின்ன பாட்டில்கள். இன்று மட்டும் இரண்டு பேர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். கல்யாணமாகி பதினோரு வருஷம். நான் போகாத டாக்டர் இல்லை. இந்த வாசலில் குழந்தைச் சத்தம் கேட்டது இந்த மூன்று மாதமாகத்தான். தெரியாது என்று சொல்லி யாரையும் நான் திருப்பி அனுப்புவதில்லை.

நவம்பர் 29, வெள்ளி

எண்ணெய்: யூகலிப்டஸ், பச்சைக் கற்பூரம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சளி எண்ணெய் தயார். சொட்டு மூடி போட்ட பழுப்பு பாட்டில்கள், பதினொன்று.
மனநிலை: பெருமை. (எழுதினால் என்ன, உண்மைதானே.)

விடாத மழை. ஊரெல்லாம் இருமல். பாட்டிலில் பூ படம் போட்ட லேபிள் ஒட்டினேன். மாலைக்குள் பதினொன்றும் போய்விட்டன. அடுத்த தெரு கீர்த்தி அவள் பெண் இளமதியோடு வந்தாள். குழந்தைக்கு ஏழு மாதம். மூக்கு அடைத்து கொர் கொர் என்று சத்தம்.

"ரெண்டு சொட்டு போடு கீர்த்தி. சளி கரைஞ்சி ஓடிடும்" என்றேன். இளமதி என் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கடைசியாக, ஏரிக்கரைப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து சின்னபொண்ணு. இடுப்பில் ஒரு வயசுப் பையன் சக்திவேல். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஒண்ணும் பண்ணாதாக்கா?" என்று கேட்டாள். எனக்கு அடுப்பில் பால். "இயற்கைதான். ஒண்ணும் பண்ணாது, எடுத்துக்கினு போ" என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

எண்ணெய்: லாவெண்டர் இரண்டு.
மனநிலை: மகிழ்ச்சி.

ரேஷன் கடையில் கீர்த்தியைப் பார்த்தேன். "நீ குடுத்த எண்ணெ போட்டதுல இருந்து கொயந்த அசந்து தூங்குதுக்கா. எழுப்பினாக்கூட எந்திரிக்கல" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி



காலை பதினொரு மணிக்கு கீர்த்தி வீட்டிலிருந்து அலறல். ஓடினேன். இளமதி பாயில் கிடந்தாள். கண் மேலே சொருகி, ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை. குளிப்பாட்டிப் பொட்டு வைத்த குழந்தை. கீர்த்தி தலையில் அடித்துக்கொள்கிறாள். மாமியார் செல்லம்மாள் பெரியம்மா குழந்தை கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார். நான்தான் ஆட்டோ பிடித்தேன். நான்தான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் இந்தப் பிஞ்சு உடம்பு மூச்சு விடுகிறதா, மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தபடியே போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. முதலில் கேட்டது இதுதான்: "குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பாலத் தவிர ஒண்ணும் குடுக்கலம்மா" என்றார் பெரியம்மா. கீர்த்தி வாயைத் திறக்கவில்லை.

எண்ணெய் எதுவும் இல்லை இன்று.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜுரமே இல்லாமல் வலிப்பு. ஏன் என்று தெரியவில்லையாம். ஸ்கேன் சரியாக இருக்கிறதாம். வலிப்புக்கு ஒரு சிரப் கொடுத்து இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எண்ணெய்: லாவெண்டர் ஆறு சொட்டு. மனநிலை: சரியில்லை. ஆறு சொட்டுக்கும் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மறுபடியும்.

அதே பதினொரு மணி. இந்த முறை கீர்த்தி புருஷன் மோகன் வீட்டில் இருந்தான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீடு திறந்து கிடந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். ஈரத் துண்டு, சாம்பிராணித் தட்டு, உரைமருந்து உரைக்கிற கல், அதன்மேல் மருந்து புகட்டுகிற பாலாடை, எல்லாம் போட்டது போட்டபடி. சரி, கழுவி வைப்போம் என்று பாலாடையை எடுத்தேன்.

வாசனை.

என் எண்ணெய்.

பாலாடைக்குள்ளே. நெஞ்சுமேல் தடவ இல்லை, துணியில் விட இல்லை. பாலாடைக்குள்ளே! ஐயோ கடவுளே, நான் இன்னா பண்ணிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் பெண் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற நாள். ஊற்றி முடித்ததும் வசம்பும் ஜாதிக்காயும் உரைத்துப் பாலில் கலந்து பாலாடையில் புகட்டுவார்கள். இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். குழந்தைக்கு மருந்து, ரெண்டு சொட்டு என்று சொன்னால் யாராயிருந்தாலும் அந்தப் பாலாடையில்தான் விடுவார்கள். எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கே போடவேண்டும் என்று நான் ஏன் சொல்லவில்லை? பிள்ளை வளர்த்தவளாக இருந்தால் தோன்றியிருக்குமோ?

பாலாடையைக் கையில் எடுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். 3 செவ்வாய், அசந்து தூங்கினாள். அது தூக்கமா? 6 வெள்ளி. 10 செவ்வாய். நானே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

நான் வாங்கிய பெரிய யூகலிப்டஸ் பாட்டில் பரண்மேல் இருந்தது. பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்து. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். அந்த எழுத்தை விட்டுவிட்டு நான் பூ படம் ஒட்டினேன்.

மாலை கீர்த்தியே போன் செய்தாள். மெல்லிய குரல். கொயந்த முழிச்சிடுச்சி என்றாள். எண்ணெயை என்ன செய்தாய் என்று கேட்டேன். "ஒரமருந்தோட ரெண்டு சொட்டு கலந்து ஊத்தினேன்கா. நீதானே சொன்ன." பிறகு அழுதாள். "வெளிய சொல்லிடாதக்கா. எங்க மாமியா என்ன உசுரோட வுடாது. இனிமே குடுக்கல, சத்தியமா."

சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

டிசம்பர் 11, புதன்

வசந்திடம் சொன்னேன். டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். "வாய மூடிக்கினு இரு ஜெயா. போலீசு கேசுன்னு பேஜார் ஆயிடும். கொயந்த நல்லாதானே கீது. குடுக்கறத நிறுத்திட்டா வியாதியும் நின்னுடும்."

அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

ஆனால் மீதிப் பத்து பாட்டில்? எந்த வீட்டில் எந்தப் பாலாடையில் இப்போது விட்டுக்கொண்டிருக்கிறார்களோ? காலையிலேயே கிளம்பினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தேதி முடிந்துபோன எண்ணெய், கொடுங்கள், வேறு தருகிறேன் என்றேன். மூன்று பேர் கொடுத்தார்கள்.

பால் சொசைட்டி பக்கத்து வீட்டு புஷ்பா கொடுக்கவில்லை. "டேட்டு போனா இன்னா ஜெயா, வாசன கும்முனு கீதே. இருக்கட்டும்" என்றாள். இன்னொருத்தி தீர்ந்துவிட்டது என்றாள். பின்னாலிருந்த அலமாரியில் பழுப்பு பாட்டில் தெரிந்தது. நல்ல பொருளை நான் திருப்பிப் பறிக்க வந்ததாக நினைக்கிறார்கள். நான்தானே அப்படிப் புகழ்ந்தேன் அதை.

சின்னபொண்ணு குடிசை பூட்டியிருந்தது. கரும்பு வெட்டப் போய்விட்டார்களாம், வாலாஜாபாத் தாண்டி எங்கேயோ. போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது. பையனையும் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறாள். பாட்டிலையும்தான்.



டிசம்பர் 12, வியாழன்

கீர்த்தி போன். நாளைக்கு இளமதிக்கு முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். வலிப்பு மருந்தையும் அளவு கூட்டி இரண்டு வருஷம் கொடுக்க வேண்டியிருக்குமாம்.

"அப்ப சொல்லிடு கீர்த்தி" என்றேன்.

"சொல்ல மாட்டேன்கா. மாமியா பக்கத்துலயே உக்காந்துகினு கீது." வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. போலீசுக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதை இங்கேயாவது எழுதுகிறேன். பிள்ளை இல்லாதவள், பொறாமையில் செய்துவிட்டாள் என்பார்கள். நேராகச் சொல்லமாட்டார்கள். குழந்தைகளை என் வாசல் பக்கம் விடாமல் இழுத்துக்கொண்டு போவார்கள். அதை நான் தினமும் ஜன்னலில் பார்க்க வேண்டும், சாகிற வரைக்கும்.

ஆனால் ஊசி. அந்த முதுகில். என் ஒரு கை அகலம்கூட இருக்காது அந்த முதுகு.

டிசம்பர் 13, வெள்ளி

முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். பெரிய பாட்டிலும் பாலாடையும் பையில். ஓரிக்கை வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. எழுந்து நின்றேன். கண்டக்டர், "ஓரிக்கையா?" என்றார். இல்லை என்று உட்கார்ந்தேன்.

வார்டில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டரம்மா முன்னால் பாட்டிலை வைத்தேன். வீட்டில் பத்து முறை சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "நான் குடுத்த எண்ணெயம்மா, இதோட பச்சக் கற்பூரம் கலந்தது. வாயில ஊத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. அத பாலாடைல ஊத்திட்டாங்க. ரெண்டு தடவயும் அன்னிக்குத்தான்."

அவர் திட்டவில்லை. எத்தனை சொட்டு, எப்போது, எவ்வளவு நேரத்தில் வலிப்பு, இதைத்தான் கேட்டார். பாட்டிலை மோந்து பார்த்தார், பின்பக்கத்தைப் படித்தார். "இதுவும் கற்பூரமும் சேர்ந்தா பச்சக் குழந்தைக்கு விஷம்மா. வலிப்பு வரும், மூச்சுகூட நிக்கும்" என்றார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, ஊசிக்கு எடுத்து வைத்ததை எடுத்துவிடச் சொன்னார். ரெண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார்.

மூச்சுகூட நிற்கும்.

வெளியே வராந்தாவில் பெரியம்மா என்னிடம் பேசவில்லை. கீர்த்தியைப் பார்த்துத்தான் சொன்னார். "புள்ள இல்லாதவ கையால எதையும் வாங்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா நீ?"

வந்தேவிட்டது. நான் பயந்த அதே பேச்சு.  படியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா, என் குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

டிசம்பர் 14, சனி

இன்று தேதி முடிந்த கதை இல்லை. வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னேன். "அது கொழந்தைக்கு விஷம். நான் தெரியாம குடுத்துட்டேன். குடுத்துடுங்க."

புஷ்பா உள்ளே ஓடிப்போய் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் தரவில்லை, தெருவில் எறிந்தாள். உடைந்தது. தெருவே யூகலிப்டஸ். "எம் பேரனுக்குக் குடுக்க இருந்தேன்டி பாவி" என்று கத்தினாள். கத்தட்டும். கொடுக்கவில்லையே. கொடுக்கவில்லை. குனிந்து கண்ணாடித் துண்டைப் பொறுக்கும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

உடைந்ததையும் சேர்த்து அந்தப் பத்தில் ஒன்பது வந்துவிட்டது. சின்னபொண்ணு போன் இன்னும் அணைந்தே இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

விடியற்காலையில் வசந்த் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கெளம்பு. எத்தினி கரும்புத் தோட்டம் இருந்துடப் போவுது" என்றார். நான் கூப்பிடவே இல்லை.

வாலாஜாபாத்தில் டீக்கடை, உரக்கடை, ரைஸ் மில் வாசல், எங்கும் கேட்டோம். உத்திரமேரூர்லேர்ந்து கரும்பு வெட்ட வந்தவங்களா? பாலாத்து ஓரமாப் போங்க. அங்கே இல்லை, இன்னும் உள்ளே. நான்காவது தோட்டத்தில் கண்டோம். சின்னபொண்ணு புருஷன் ரங்கன் வெட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் கரும்புச் சோகை வேய்ந்த கொட்டகை.

கொட்டகைக்குள் பாயில் சக்திவேல் படுத்திருந்தான். அசையவில்லை.

அசந்து தூங்குதுக்கா. எழுப்பினாக்கூட எந்திரிக்கல.

செருப்போடு ஓடினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். டேய், டேய் கண்ணு, முழிச்சிக்கோடா. கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். வீல் என்று ஒரு அழுகை. என் ஆயுளில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

சின்னபொண்ணு தலைச்சுமையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னாக்கா? இன்னா ஆச்சி?"

"அந்த எண்ணெ. அவன் வாயில ஊத்தினியா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வாயிலயா? மொதல்ல நான் ஒரு சொட்டு நாக்குல வச்சிப் பாத்தேன்கா. நாக்கே வெந்து போச்சி. அத எப்டி கொயந்தைக்குக் குடுப்பேன்? தோ, கொசுவுக்கு அந்தக் கம்புல துணில நனச்சி கட்டி வச்சிகீறேன்."

கொட்டகைக் கம்பில் ஒரு கந்தல் கட்டியிருந்தது. பக்கத்தில் பாட்டில், பாதிக்கு மேல் அப்படியே.

மூன்று மாதம் வகுப்பு, சான்றிதழ், நோட்டு நிறைய குறிப்பு. நான் ஒரு நாள்கூட அதை என் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. வாங்கிய பதினோரு பேரில், ஒண்ணும் பண்ணாதா என்று என்னைக் கேட்டவளும் அவள் ஒருத்திதான். எனக்கு அடுப்பில் பால்.

விவரம் முழுவதும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் பைக்கில் ஏறும்வரை அவனை இறக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

சான்றிதழைக் கழற்றிவிட்டேன். சுவரில் நாலு மூலைத் தடம் தெரிகிறது.

டிசம்பர் 20, வெள்ளி

இளமதி வீட்டுக்கு வந்துவிட்டாளாம். புஷ்பா யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளோ என்னவோ. மணி பதினொன்று ஆகும்வரை அந்தத் தெருவையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை. பன்னிரண்டு. அலறல் இல்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

யாரும் வருவதில்லை. நாலு வெள்ளி, செவ்வாய் ஆகிவிட்டன. தினமும் அதே பதினொரு மணிக்கு ஜன்னலில் போய் நிற்கிறேன். பரண்மேல் இருந்ததை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிவிட்டேன். தரையை வெறும் தண்ணீரில் துடைக்கிறேன்.

"வூட்ல இப்ப மனுச வாசன வருது" என்றார் வசந்த். சிரிக்க முயற்சி செய்தேன்.

2025 ஜனவரி 9, வியாழன்

வலிப்பு சிரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார்களாம். மோகன் வசந்திடம் பஸ் ஸ்டாண்டில் சொன்னானாம். வசந்த் வந்து என்னிடம் சொன்னபோது சாம்பாருக்கு உப்பு போட்டேனா இல்லையா என்று மறந்துபோய் இரண்டாம் தரம் போட்டேன். அப்படியே சாப்பிட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

எண்ணெய்: இல்லை.
மனநிலை: பயம்.

காலை பத்தரைக்குப் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கீர்த்தி. தோளில் இளமதி, கையில் ஒரு ஜுர சிரப் பாட்டில், பாலாடை. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன்.

"மாமியா கோயிலுக்குப் போயிருக்குது. அவரு வேலைக்குப் போயிட்டாரு. கொயந்தைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குதுக்கா. போன தபா குடுத்த சிரப்பு இது. எவ்ளோ ஊத்தணும்?"

குழந்தை நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. ஜுரத்தில் மறுபடியும் வலிப்பு வந்துவிட்டால்? என் வாசலிலேயே வந்துவிட்டால்?  பாட்டிலில் எழுதியிருந்தது. எடைக்கு இவ்வளவு, வயசுக்கு இவ்வளவு. குழந்தை எடை எனக்குத் தெரியாது. ஏறக்குறைய ஏதோ ஒன்று சொல்லிவிட முடியும். முன்பெல்லாம் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியாது கீர்த்தி" என்றேன். "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பாலாடையை என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். சீட்டு எழுதுகிற இடத்தில் நெருக்கித் தள்ளினார்கள். இடுப்பில் குழந்தையோடு உள்ளே போக முடியாது. சுற்றிலும் தெரிந்த முகங்கள் நான்கைந்து, புஷ்பாவும் இருந்தாள். கீர்த்தி யாரையும் தேடவில்லை. இளமதியை என் கையில் கொடுத்துவிட்டு வரிசைக்குள் போனாள்.

குழந்தை சூடாக இருந்தது. என் வளையலைப் பிடித்துக்கொண்டது. நான் மூக்கருகே விரலை வைத்தபடி நின்றேன்.